தொம்மையைச் சுற்றிப் பன்னிரண்டு மைல்

தொம்மை கடலில் நின்ற பதினோராம் நாள், அரசு அவரைத் தீவு என்று அறிவித்தது. அறிவிப்பின் நகல் ஒன்று கோரைமுனைப் பங்குக் கோயிலின் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. அதில் தொம்மையின் வயது, உயரம், அட்சரேகை, தீர்க்கரேகை ஆகிய நான்கும் பிழையின்றிக் குறிக்கப்பட்டிருந்தன. அவருடைய மனைவி பிரகாசி அதை இருமுறை படித்தாள். பிறகு, கஞ்சி ஆறிவிடுமே என்று படகை நோக்கி நடந்தாள்.

அவர் நின்ற விதம் இதுதான். கரையிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டத்தில், கடலுக்கு அடியில் ஒரு மணல் திட்டு இருக்கிறது. அதில் வலை மாட்டிக்கொண்டது. வலையை விடுவிக்கத் தொம்மை இறங்கினார். வலை விடுபட்டது, தொம்மை விடுபடவில்லை. அவருடைய கால்கள் கெண்டைக்கால் வரை மணலில் புதைந்து இறுகிவிட்டன. உடன் வந்த நால்வரும் அவருடைய இடுப்பில் கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். கயிறு அறுந்தது. படகில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. பிடித்த மீன் கெட்டுவிடும் நிலையில் இருந்தது.

"நீங்க போங்கலே, நான் நிக்கேன்" என்றார் தொம்மை.

அவர்கள் போனார்கள். அவர் நின்றார். கடல் வற்றும்போது நீர் அவருடைய மார்பு வரை இருந்தது. ஏறும்போது மோவாய் வரை வந்தது.

கோரைமுனை மீனவரிடையே ஒரு வழக்கம் உண்டு. வலை மாட்டக்கூடிய இடம் எதுவாயினும், அது பாறையோ மூழ்கிய கப்பலோ, அதைக் காண்பவர் அங்கே வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டிவிட்டுத்தான் வர வேண்டும். மூன்றாம் நாள் அவ்வழியே சென்ற படகுக்காரர்கள் தொம்மையின் தலையில் ஒரு வெள்ளைத் துண்டைக் கட்டினார்கள். அதன்பின் ஊரார் அந்தத் துண்டையும் கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்துப் பார்த்துத் தாங்கள் வலை போடும் இடங்களைக் கண்டுகொள்ளலாயினர். எட்டாம் நாள், கடல் வரைபடம் எழுதும் அரசுக் கப்பல் அப்பக்கம் வந்தது. வெள்ளைத் துணி தெரிந்தது, கப்பல் நின்றது, அளந்தது.

இயற்கையாக உருவாகி, நாற்புறமும் நீர் சூழ, கடல் ஏற்றத்தின்போதும் நீர்மட்டத்துக்கு மேலே நிற்பது தீவு என்பது நாடுகள் அனைத்தும் ஒப்புக்கொண்ட சட்டம். தீவைச் சுற்றிப் பன்னிரண்டு கடல் மைல், அதற்கு உரிய நாட்டின் கடல் ஆகும். மோவாய்க்கு மேலுள்ள தொம்மை எந்த ஏற்றத்திலும் நீருக்கு மேலேதான் இருந்தார். ஆகவே நாட்டின் எல்லைக்கோடு அவருக்கு அப்பால் பன்னிரண்டு மைல் தள்ளிச் சென்றது.

அதற்கு முன்பெல்லாம் அண்டை நாட்டின் ரோந்துப் படகுகள் அந்தத் திட்டுக்கு இப்பாலேயே வந்து கோரைமுனைக்காரர்களைப் பிடித்துச் செல்லும். பிரகாசியின் தம்பி சந்தியாகு அப்படிப் பிடிபட்டு, எட்டு மாதம் அயல்நாட்டுச் சிறையில் இருந்து, கீழ்வரிசைப் பற்கள் இல்லாமல் திரும்பியவன். தொம்மை தீவான பிறகு ரோந்துப் படகுகள் பன்னிரண்டாம் மைலில் வந்து, நின்று, பார்த்துவிட்டுத் திரும்பிப்போயின. ஞாயிறு பூசையில் பங்குத்தந்தை, நோயாளிகளுக்காகவும் பயணம் செய்வோருக்காகவும் மன்றாடிய பின் தீவுக்காகவும் மன்றாடினார்.

பிரகாசிக்கோ கணவர் வீடு திரும்ப வேண்டும் என்றிருந்தது. பாறையிலும் படகின் அடியிலும் ஒட்டி வளரும் கொட்டலசுச் சிப்பிகள் அவருடைய தோளில் ஒட்டத் தொடங்கியிருந்தன. நாள்தோறும் அவள் சந்தியாகுவின் படகில் கஞ்சி கொண்டுபோவாள். அவருடைய தோளில் உட்கார்ந்து ஊட்டுவாள். உப்பு பூத்த கண்களை நல்ல தண்ணீரால் துடைப்பாள். ஒரு பழைய கத்தியால் கொட்டலசுகளைச் சுரண்டுவாள். முதலில் அவை ஒட்டிய இடத்தில் வலிக்கிறது என்று சொன்ன தொம்மை, பிறகு சுரண்டிய இடத்தில் வலிக்கிறது என்று சொல்லலானார்.

"மணலை அள்ளினாப் போதும்ட்டி. அரை நாள் வேலை. காலு தன்னால வந்துரும்" என்றார் அவர்.

அது உண்மைதான். ஆனால் தீவின் அடியில் மணல் அள்ளுவது தண்டனைக்குரிய குற்றம்.

அவள் மாவட்டத் தலைநகரிலிருந்த கடல் எல்லை அலுவலகத்துக்குச் சென்றாள். அங்கே கோமதிநாயகம் என்னும் அதிகாரி இருந்தார். அவர் வந்தவர்களை உட்காரச் சொல்லும் பழக்கமுடையவர். பிரகாசியையும் உட்காரச் சொன்னார்.

"தீவை வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போக முடியாதும்மா" என்றார்.

"அவுக தீவுன்னு நீங்கதான் சொல்லுதிய. எங்களுக்குக் கல்யாணம் நடக்கும்போது யாரும் சொல்லல."

"அப்ப அவர் கரையில இருந்தாரு."

பிரகாசி கையிலிருந்த உறையை மேசைமேல் வைத்தாள். இயற்கையாக உருவானதுதானே தீவு என்று கேட்டாள். ஆமாம் என்றார். மனிதன் உண்டாக்கியதாக இருந்தால்? செயற்கைத் தீவுக்குக் கடல் கிடையாது என்றார் கோமதிநாயகம். தன் கணவரின் இடத் தொடையில் இரும்புத் தகடு இருக்கிறது என்றும், லாரி மோதியபோது மருத்துவர்கள் வைத்தது என்றும் அவள் சொன்னாள். எக்ஸ்ரே படத்தையும் கையோடு கொண்டு வந்திருந்தாள். அவர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கவனமாகப் பார்த்தார்.

"இது தீவைப் பலப்படுத்துறதுக்காகப் பண்ணின வேலை. அதுக்கு அனுமதி உண்டு. தலை இயற்கையானதுதானேம்மா?"

"தலை அவுகளோடதுதான்."

"அவர் பிறந்தது ஆபரேஷன் பண்ணியா?"

அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் பிறப்புப் பதிவேட்டைத் தேடிப் பார்த்ததில் சுகப்பிரசவம் என்று இருந்தது. அவ்வழி அடைபட்டது.

அடுத்த முறை சென்றபோது கோமதிநாயகம் ஒரு கோப்பை எடுத்து வைத்திருந்தார். அண்டை நாடு வழக்குத் தொடுத்திருக்கிறது என்றும், தொம்மை தீவு அல்ல, வெறும் பாறை என்பது அவர்கள் வாதம் என்றும் கூறினார். மனிதர் வாழத் தகுதியில்லாததும், தனக்கென்று பொருளியல் வாழ்வு இல்லாததும் பாறை. பாறைக்குப் பன்னிரண்டு மைலோடு சரி. முழுத் தீவுக்கோ இருநூறு மைல் வரை மீனும் எண்ணெயும் உரியவை.

"நாங்க கவலைப்படல. நம்ம பக்கம் சாட்சி பலமா இருக்கு" என்று கோப்பைத் திருப்பிக் காட்டினார்.

அதில் பிரகாசியின் புகைப்படங்கள் இருந்தன. தொம்மையின் தோளில் உட்கார்ந்து அவள் கஞ்சி ஊட்டும் படம். மழைக்கு இருவருக்குமாகக் குடை பிடித்த படம். ஒவ்வொன்றின் கீழும் 'தீவில் மனிதர் வசிப்பது' என்று எழுதப்பட்டிருந்தது. அடுத்த தாளில் அவள் ஏலக்கூடத்தில் பேசிய பேச்சு இருந்தது.

அது நிகழ்ந்தது இவ்வாறு. சும்மா நிற்க முடியாமல் தொம்மை தம்மைச் சுற்றி வரும் மீன்களைக் கையால் பிடித்து இடுப்பில் கட்டிய பையில் போட்டு வைப்பார். பிரகாசி அவற்றைக் கரைக்குக் கொண்டுவந்து ஏலத்தில் வைத்தாள். "இது எங்க வீட்டுக்காரரு பிடிச்ச மீனு" என்று ஊரறியச் சொன்னாள். உடனே மீன் விற்கும் சவுரியாள், "ஒனக்கென்னட்டி, ஒம் மாப்பிள்ளை நின்ன எடத்துலயே சம்பாதிக்காரு. எனக்கு வாச்சது ஊரெல்லாம் ஓடி ஓடியும் ஒரு சாளை மீனுக்கு வக்கில்லை" என்றாள். கூடம் சிரித்தது. பிரகாசியும் சிரித்தாள். கணவன் கடலில் நின்றுவிட்ட பின் அவள் சிரித்தது அந்த ஒருமுறைதான். அச்சிரிப்பும் தேதியோடு பதிவாகியிருந்தது. அதன் கீழே 'தீவின் பொருளியல் வாழ்வு' என்று எழுதியிருந்தார்கள்.

"நான் போகாட்டா?" என்று கேட்டாள் பிரகாசி.

"பாறை ஆயிடுவாரு. பன்னிரண்டு மைல் அப்பவும் உண்டு. பாறையையும் நகர்த்த முடியாது."

"அவுகளுக்குப் பசிக்குமே."

"அதைத்தான் சொல்றேன். போங்க."

அவள் எழுந்திருக்கவில்லை. எந்தத் தீவாவது எப்போதாவது தீவு இல்லாமற்போனதுண்டா என்று கேட்டாள். உண்டு என்றார் கோமதிநாயகம். அவர் பொய் பேசும் பழக்கமில்லாதவர். அலை தேய்த்தோ அடிமணல் இறங்கியோ தீவு தாழ்ந்துபோனால், ஏற்றத்தின்போது நீர் அதை மூடிவிட்டால், அது தீவு அன்று. வரும் பௌர்ணமியன்று முழு ஏற்றத்தில், வழக்கை விசாரிக்கும் நடுவர் மூவர் வந்து பார்க்கப்போகிறார்கள். அவர்களுடைய விதிப்படி ஒன்பது நிமிடம் பார்ப்பார்கள். ஒன்பது நிமிடமும் நீர் இடைவிடாமல் மூடியிருந்தால் தீவு இல்லை என்று எழுதுவார்கள்; இடையில் ஒரு மயிரிழை தெரிந்தாலும் தீவு என்று எழுதுவார்கள்.

"தீவு தானாத் தாழ்ந்தா?"

"தானாத் தாழ்ந்தா அது இயற்கை. யாரும் கேக்க முடியாது" என்ற கோமதிநாயகம், அடுத்து வந்தவரை உட்காரச் சொன்னார்.

பௌர்ணமிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அன்றே பிரகாசி தொம்மையிடம் சொன்னாள். அவர் தலையை அசைத்து, அதில் உட்கார்ந்திருந்த ஆலா என்னும் கடற்பறவையை விரட்டினார்.

"முட்டியை மடக்கணும். அம்புட்டுத்தானே?"

"ஒம்பது நிமிசம்."

"எங்க பாட்டன் முத்துக் குளிச்சவரு. மூணு நிமிசம் இருப்பாராம்."

"மிச்சம் ஆறு?"

"அது நான் இருக்கேன்" என்றார் தொம்மை.

கோரைமுனைப் பெண்கள் நேரத்தைச் செபமாலை மணிகளால் அளப்பவர்கள். முட்டை அவிய இத்தனை மணி, கருவாட்டைத் திருப்பிப்போட இத்தனை மணி என்று அவர்களுக்குக் கணக்குண்டு. ஒரு மரியன்னை மன்றாட்டுக்குக் கால் நிமிடம். ஒன்பது நிமிடத்துக்கு முப்பத்தாறு மணிகள். நீருக்குள் இருப்பவருக்கு நேரம் தெரியாதாகையால், முப்பத்தாறாம் மணி உருண்டதும் பிரகாசி அவருடைய உச்சந்தலையைத் தொட வேண்டும். தொட்டதும் அவர் எழ வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. முதல் நாள் எட்டு மணிகள் வரை இருந்தார். ஐந்தாம் நாள் பதினான்கு. பத்தாம் நாள் இருபத்திரண்டாம் மணியில் எழுந்தபோது மூக்கில் இரத்தம் வந்தது. அவள் முந்தானையால் துடைத்தாள். பதினைந்தாம் நாள் முப்பத்தொன்று.

சந்தியாகு படகின் பின்பக்கம் உட்கார்ந்து இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். பதினாறாம் நாள் கரைக்குத் திரும்பும் வழியில் எஞ்சினை நிறுத்தினான்.

"யக்கா, அத்தான் நின்னதுலேருந்து ஒருத்தனையும் அவனுவ பிடிக்கல."

"தெரியும்."

"நீ கூட்டிட்டு வந்துட்டன்னா, அடுத்த வாரம் யாரப் பிடிப்பான்? என்னையத்தான் பிடிப்பான். இன்னும் மேல்வரிசை மிச்சம் இருக்குல்லா."

"அப்ப நீ போய் நில்லுலே."

"ஒயரம் காணாது" என்றான் சந்தியாகு. "அளந்து பாத்தாச்சு. ஊருல எல்லாரையும் கோயில் செவத்துல நிப்பாட்டி அளந்தோம். அத்தான் ஒருத்தர்தான் நெட்டை. அடுத்தது கோயில் வேலை பாக்குத நம்ம கோயில்குட்டி, அவனுக்கும் ஏத்தத்துல மூக்கு முங்கிரும்."

அவன் எஞ்சினை மீண்டும் ஓட்டினான்.

பௌர்ணமியன்று காலையிலும் அவன் படகை எடுத்தான். கஞ்சி கொண்டுபோக வேண்டியிருந்தது. நடுவர் மூவரும் வெள்ளைக் கப்பலொன்றில் முன்னரே வந்திருந்தார்கள். மூவரும் கறுப்பு அங்கி அணிந்து, அங்கிக்கு மேல் மிதவைச் சட்டை அணிந்திருந்தார்கள். வலப்புறம் அண்டை நாட்டு வழக்கறிஞர்களின் படகும், இடப்புறம் கோமதிநாயகத்தின் படகும் நின்றன. ஊர்ப் படகுகள் முப்பதும் சற்றுத் தள்ளி அரைவட்டமாக நின்றன. தீவைத் தொடக்கூடாது என்பது விதி. தீவில் வசிப்பவர் என்ற முறையில் பிரகாசிக்கு மட்டும் அருகில் இருக்க அனுமதி இருந்தது.

அவள் கஞ்சி ஊட்டினாள். தொம்மை பாதிக்கு மேல் வேண்டாம் என்றார். அவள் அவருடைய தலையிலிருந்த துண்டை அவிழ்த்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். ஏற்றம் முழுமையடைந்ததைக் காட்ட நடுவரின் கப்பலில் மணி ஒன்று அடிக்கப்பட்டது.

"போயிட்டு வாரேன்" என்றார் தொம்மை. முட்டியை மடக்கினார்.

நீர் அவரை மூடிற்று. அவர் நின்ற இடத்தில் கடல் மற்ற இடங்களைப் போலவே இருந்தது. அண்டை நாட்டு வழக்கறிஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவருள் மூத்தவர் கைக்கடிகாரத்தை முகத்தருகே தூக்கிப் பிடித்தார். பிரகாசி முதல் மணியை உருட்டினாள்.

பத்தாம் மணி வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பதினைந்தாம் மணியில் சிறு குமிழிகள் வந்தன. இருபதாம் மணியில் பெரியவை வந்தன. நீருக்குள் அவருடைய முகம் அவளுக்குத் தெரிந்தது. கண்கள் திறந்திருந்தன; அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. இருபத்தேழாம் மணியில் குமிழிகள் நின்றன. அவருடைய கைகள் பக்கவாட்டில் மெல்ல மேலெழுந்து மிதந்தன. அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. முப்பது. முப்பத்திரண்டு. அவர் கண்கள் அவளைப் பார்ப்பதை விட்டன; எங்கோ பார்த்தன. முப்பத்தைந்து. முப்பத்தாறாம் மணி அவள் விரலைக் கடந்ததும், அவள் குனிந்து நீருக்குள் கையை விட்டு அவர் உச்சந்தலையைத் தொட்டாள். அவர் எழவில்லை. தலைமயிரைப் பற்றி, தன் பலமனைத்தும் கூட்டி மேலே தூக்கினாள்.

நெற்றி வந்தது. மூக்கு வந்தது. வாயிலிருந்து நீர் கொட்டியது. பிறகு மூச்சு வந்தது. அந்த மூச்சின் ஓசை நடுவரின் கப்பல் வரை கேட்டது.

மூத்த நடுவர் கடிகாரத்தை இறக்கினார். எட்டு நிமிடம், நாற்பது வினாடி என்றார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் திரும்பச் சொன்னார்.

அச்சத்தோடு சொல்லும் மன்றாட்டுக் கால் நிமிடத்துக்குக் குறைவாகவே முடிந்துவிடுகிறது. இது பயிற்சி நாள்களில் தெரியவரவில்லை.

நடுவர்கள் மூவரும் எழுதினார்கள். அரைவட்டமாக நின்ற படகுகளிலிருந்து யாரோ ஒருவர் கைதட்டத் தொடங்கி, வேறெவரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டார். சந்தியாகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, நீண்ட நேரமாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டான். பிரகாசி இன்னும் தொம்மையின் தலைமயிரை விடவில்லை.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார் தொம்மை.

"முடிஞ்சுது" என்றாள்.

தீர்ப்பு ஒரு மாதத்தில் வந்தது. தொம்மை முழுத் தீவு என்றும், அதில் மனிதர் வசிப்பது ஐயத்துக்கு இடமின்றி உறுதிப்பட்டது என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. குறிப்பாக, பௌர்ணமியன்று வசிப்பவர் தீவின்பால் காட்டிய அக்கறையை நடுவர்கள் ஒரு பத்தி முழுவதும் பாராட்டியிருந்தார்கள். கோமதிநாயகம் தாமே கோரைமுனைக்கு வந்து அந்தப் பத்தியைப் பிரகாசிக்குப் படித்துக் காட்டினார். மேல்முறையீடு கிடையாது என்ற கடைசி வரியையும் விடாமல் படித்தார்.

"அவுக எம்புட்டு நாளு இருக்கணும்?" என்று கேட்டாள்.

"தீவுக்கு அந்தக் கணக்கு இல்லம்மா."

கொட்டலசுகள் தொம்மையின் கழுத்துக்கு ஏறின. அவர் பேச்சுக் குறைந்தது. கஞ்சி ஊட்டும்போது வாயைத் திறப்பார். திறந்த வாயை மூட மறந்துவிடுவார். அவள்தான் மோவாயைத் தள்ளி மூடிவிடுவாள். ஒருநாள் "பிரகாசி" என்று அழைத்தார். என்னவென்று கேட்டதற்கு, "இருக்கியான்னு பாத்தேன்" என்றார். மாலையானதும் படகு திரும்ப வேண்டியிருந்தது. படகு திரும்பிய பின் அவர் அப்படி அழைத்தாரா, எத்தனை முறை அழைத்தார் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது.

ஐப்பசி முதல் வெள்ளியன்று பிரகாசி கஞ்சி ஊட்டி முடித்தாள்; வாளியைக் கழுவினாள்; சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படகிலிருந்து இறங்கினாள். தொம்மைக்கு அப்பால், கிழக்குப் பக்கமாக, அவர் கையைப் பற்றிக்கொண்டு நின்றாள். கால்கள் கெண்டைக்கால் வரை மணலில் இறங்கி இறுகின. சந்தியாகு சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு எஞ்சினை ஓட்டினான்.

எட்டு நாள் கழித்து அளவைக் கப்பல் வந்தது. பிரகாசி கணவனைவிட ஒன்றரைச் சாண் குட்டை. வற்றத்தில் அவள் கழுத்துக்கு மேல் வெளியே தெரிந்தாள். ஏற்றத்தில் அரைச் சாண் நீர் அவளை மூடிக்கொண்டது. ஆகவே அவளைத் தீவு என்று எழுத இயலவில்லை. வற்றத்தில் மட்டும் தெரியும் திட்டு என்று எழுதினார்கள். அத்தகைய திட்டுக்குத் தனக்கென்று கடல் கிடையாது. ஆயினும் அது ஒரு தீவின் பன்னிரண்டு மைலுக்குள் இருக்குமானால், அளவை அதிலிருந்து தொடங்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. நாட்டின் எல்லை கிழக்கே ஒரு கை நீளம் நகர்ந்தது.

அதன்பின் சந்தியாகு இரண்டு வாளிகளில் கஞ்சி கொண்டுவந்தான். அத்தானுக்கு உரியதை வந்தவுடன் ஊட்டுவான். அக்காளுக்கு உரியதை மூடி வைத்துக்கொண்டு, கடல் வற்றும் வரை படகில் காத்திருப்பான்.